பின்பக்க ஸ்வே பார் மாட்டிய டிராக் வண்டி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழிமுறை

பின்சக்கரம் தள்ளும் வண்டி, பின்னால் ஒரே துண்டு ஹவுசிங் (இரண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கும் அச்சுக்கூடு). அம்பாசடர், ஜிப்ஸி, பொலேரோ, குவாலிஸ் மாதிரி வண்டிகளை டிராக் (drag) பந்தயத்துக்கு, அதாவது நேர்க்கோட்டில் ஓடும் வேகப் பந்தயத்துக்கு, தயார் செய்பவர்களுக்கு இது. ஸ்விஃப்ட், சிட்டி போல முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளுக்குக் கீழே வரும் இடது வலது கணக்கு பொருந்தாது.

ஸ்வே பார் என்பது பாடியின் குறுக்கே பிடித்த முறுக்குக் கம்பி. அதன் இரண்டு முனையிலும் உள்ள ஆர்ம்களை, நீளம் மாற்றக்கூடிய லிங்க்குகள் ஹவுசிங்கோடு சேர்க்கும். பார் மாட்டிய பிறகு வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பார் அல்ல. ஜீரோ (வண்டி நிற்கும்போது பாரில் முறுக்கே இல்லாத நிலை) வைத்த முறை தப்பாக இருக்கும், இல்லையென்றால் எங்கேயாவது ஒரு போல்ட்டில் ஆட்டம் இருக்கும். ஆகவே புதுப் பார் வாங்கப் பணம் செலவழிப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

பார் என்ன வேலை செய்கிறது

இது தெரியாமல் லிங்க்கைத் திருகினால் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்பதே புரியாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக வரும் முறுக்கு, பின்னாலிருந்து பார்த்தால் ஹவுசிங்கை இடஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும். இடது டயர் தரையில் அழுந்தும், வலது டயர் எழும்பப் பார்க்கும். பாடி அதற்கு எதிராக வலது பக்கம் சரியும். கிளம்பும்போது வண்டியின் முன் இடது மூலை தூக்குவதும் பின் வலது மூலை அமர்வதும் இதனால்தான்.

ஒரு கணக்கு பாருங்கள். இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.5 என்றால் ஹவுசிங்கில் விழும் முறுக்கு 700. பாடி சரிவதில் 60 சதவீதத்தை முன் ஸ்பிரிங்குகள் தாங்கினால், அந்த 420 நியூட்டன் மீட்டர் பின் டயர்களின் எடையைக் கலைத்துவிடும். இரண்டு டயருக்கும் நடுவில் 1.3 மீட்டர் இருந்தால் வலது டயரில் சுமார் 33 கிலோ குறையும், இடது டயரில் அதே 33 கிலோ கூடும். பின்னால் கெட்டியான பார் இருந்தால் சரிவு முழுவதையும் பின்பக்கமே தாங்கும். ஹவுசிங்குக்கு வந்த முறுக்கு அங்கேயே சரிக்கட்டப்பட்டு, இரண்டு டயரும் ஒரே மாதிரி அழுந்தும்.

முதலில் ஜீரோ

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

தரை மட்டமாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, நான்கு டயர் நிற்கும் இடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நம் பக்கத்து ஒர்க்‌ஷாப் தரைகளில் மழைத்தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரிவு கொடுத்திருப்பார்கள். தாழ்ந்த டயருக்கு அடியில் தகடோ பிளைவுட்டோ வைத்து 2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். டயர் காற்று ஓட்டத்துக்கு வைக்கும் அளவிலேயே இருக்கட்டும், இரண்டு பின் டயரிலும் சமமாக. டேங்கில் ஓட்டத்துக்கு ஊற்றும் அளவு பெட்ரோல் இருக்கட்டும். வண்டியை முன்னும் பின்னும் சில அடி தள்ளி விட்டு, ஸ்பிரிங் இயல்பாக அமர்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஜாக்கியில் இருந்து இறக்கிய உடனே அளந்தால் அளவு பொய் சொல்லும்.

ஓட்டுபவர் ஹெல்மெட்டோடு சீட்டில் உட்கார வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். ஆள் வராத நாளில் அவர் எடைக்கு அரிசி மூட்டையை சீட்டில் வைத்தாலும் போதும்.

இப்போது இடது லிங்க் மாட்டியிருக்க, வலது லிங்க்கின் ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். லிங்க்கின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ, போல்ட் விரலால் தள்ளியே உள்ளே போகும்படி வையுங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் அது ஜீரோ இல்லை. லாக் நட்டை முறுக்கிய பிறகு போல்ட்டை இன்னொரு முறை உருவிப் போட்டுப் பாருங்கள். லாக் நட் இறுகும்போது ராட் எண்ட் (லிங்க் முனையில் உள்ள உருண்டை மூட்டு) சற்றுத் திரும்பி, அளவு மாறியிருக்கும்.

கிளம்பும்போது வலது பக்கம் இழுக்கிறது

அடிக்கடி வரும் புகார் இது. இடது டயர் அதிகம் தள்ளுகிறது என்று அர்த்தம். ஆனால் உடனே லிங்க்கைத் தொட வேண்டாம்.

ஆக்ஸிலேட்டரை விட்டு, நியூட்ரலில் உருளும்போதும் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்போதும் இழுத்தால் அது அலைன்மென்ட், பிரேக் உரசல், டயர் சம்பந்தப்பட்டது. பாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்து டேப் வைத்து இரண்டு பின் டயரின் சுற்றளவையும் அளங்கள். டிஃபரன்ஷியலைப் பூட்டி, இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி செய்த வண்டியில் இடது டயர் பெரிதாக இருந்தாலே வண்டி வலது பக்கம் போகும். பிறகு முன்சக்கர நடுவில் இருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹவுசிங் கோணலாக நிற்கிறது. பட்டை ஸ்பிரிங் வண்டி என்றால் சென்டர் போல்ட் அறுந்து ஹவுசிங் நகர்ந்திருக்கலாம், யு போல்ட்டும் தளர்ந்திருக்கலாம். இந்த நிலையில் பாரை எப்படித் திருகினாலும் பயனில்லை.

இதெல்லாம் சரியென்றால் வலது டயருக்குப் பிரீலோடு கொடுக்க வேண்டும், அதாவது பாரை முன்கூட்டியே சற்று முறுக்கி வைத்து அந்த டயரை அழுத்த வேண்டும். பாரின் ஆர்ம் மேலேயும் ஹவுசிங் பிராக்கெட் கீழேயும் இருந்தால் வலது லிங்க்கை நீட்டுங்கள். ஆர்ம் கீழே, பிராக்கெட் மேலே என்று மாட்டியிருந்தால் எதிர்மாறு, லிங்க்கைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு திருகுவது? அரை இஞ்ச் 20 திரெட் கொண்ட லிங்க்கில் ஒரு திரெட்டின் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். ஒரு முனை வலது திரெட், மறு முனை இடது திரெட் என்றால், நடுக்குழாயை ஒரு முழுச்சுற்று சுற்றினால் நீளம் 2.54 மில்லிமீட்டர் மாறும். அறுகோணக் குழாயின் ஒரு முகம் நகர்ந்தால் 0.42 மில்லிமீட்டர். கால் அங்குலத்தை ஒரே அடியில் நீட்டுவது தவறு. ஒரு முகம், இல்லையென்றால் இரண்டு முகம் நகர்த்தி, ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கள். குழாயில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பழைய இடத்துக்குத் திரும்பி வர அது வேண்டும். இரண்டு முழுச்சுற்று கொடுத்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் திருகுவதை நிறுத்திவிட்டு, கீழே 'மாட்டியும் ஒரு மாற்றமும் இல்லை' என்ற பகுதிக்குப் போங்கள்.

டிஃபரன்ஷியலைப் பூட்டாத, கம்பெனியில் வந்த அதே ஓப்பன் வகை என்றால் இழுப்பு பெரிதாகத் தெரியாது. இரண்டு டயருக்கும் ஒரே முறுக்குதான் போகும், எடை குறைந்த வலது டயர் சும்மா சுற்றும். தாரில் வலது பக்கம் மட்டும் கறுப்புத் தடம் விழுந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. வைத்தியம் ஒன்றே: வலது டயருக்குப் பிரீலோடு.

பிரீலோடு எவ்வளவு ஏறியது என்று எடை போட்டுப் பார்க்க வசதி நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. லாரி எடைமேடை இதற்கு ஆகாது, சில கிலோ வித்தியாசம் அதில் தெரியாது. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கும் கடைகளில் வைத்திருக்கும் பிளாட்பார்ம் தராசு இரண்டு கிடைத்தால் போதும். ஒரு பின்சக்கரத்தில் 250 முதல் 300 கிலோ வரை வரலாம், அதனால் 500 கிலோ தாங்கும் தராசாகப் பாருங்கள். பின் டயர்கள் தராசின் மேல், முன் டயர்கள் தராசின் உயரத்துக்கே வெட்டிய ரப்பர் மரக் கட்டைகளின் மேல். முன்பக்கம் தாழ்ந்து நின்றால் எடை தப்பாக வரும். லிங்க் கழற்றிய நிலையில் ஒரு முறை, மாட்டிய பிறகு ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள். ஜீரோ சரி என்றால் இரண்டு முறை எழுதியதும் ஒன்றாக இருக்கும். டயருக்கு அடியில் பக்கவாட்டுப் பிடிப்பு தங்கினால் அளவு மாறும், ஆகவே ஒவ்வொரு முறையும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டி விட்டு எடையைப் படியுங்கள்.

கிளம்பும்போது இடது பக்கம் இழுக்கிறது

வலது டயருக்குப் பிரீலோடு கூடிப்போயிற்று. நம் ஊர் வண்டிகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அமெரிக்காவில் இருந்து வரும் கிட்டின் விளக்கத்தாள், ஓட்டுபவர் இடது பக்கம் உட்காருவதாக வைத்து எழுதப்பட்டது. அங்கே ஆளின் எடை இடது பக்கம் விழும். நம் வண்டியில் 70, 80 கிலோ வலது பக்கம் விழுகிறது, அது ஏற்கெனவே வலது டயருக்கு உதவி. அந்தத் தாளில் சொன்ன பிரீலோடை அப்படியே கொடுத்தால் நமக்குக் கூடுதலாகிவிடும்.

ஆள் இல்லாமல் ஜீரோ வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஆள் ஏறியதும் பாடி வலது பக்கம் அமர்ந்து பாரை முறுக்கும். யாரும் திருகாமலே வலது டயருக்குப் பிரீலோடு ஏறிவிடும். ஆளை உட்கார வைத்து மறுபடி ஜீரோ வையுங்கள்.

முதல் சில அடி நேராகப் போகிறது, கியர் மாற்றும்போது ஆடுகிறது

முதல் கியரில் வேண்டிய பிரீலோடு, முறுக்கு குறையும் மேல் கியர்களில் கூடுதலாகத் தெரியும். ஒன்றிரண்டு முகம் குறைத்துப் பாருங்கள். இரண்டு பக்க ஷாக் அப்சார்பரும் ஒரே அளவு எதிர்க்கிறதா என்றும் கழற்றிக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஒன்று செத்திருந்தால் பாரைக் குறை சொல்லிப் பலனில்லை.

மாட்டியும் ஒரு மாற்றமும் இல்லை

பார் சுமையைத் தாங்கவே இல்லை. பாருக்கும் ஆர்முக்கும் சேர்த்து சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். ஒரு ஓட்டத்துக்குப் பிறகு கோடு உடைந்திருந்தால் ஆர்ம் ஸ்ப்ளைனில் (பார் முனையில் வெட்டிய பற்களில்) வழுக்குகிறது, கிளாம்ப் போல்ட் இறுகவில்லை.

கோடு அப்படியே இருந்தால் பாடியில் பிராக்கெட் பிடித்த இடத்தைப் பாருங்கள். வெறும் தகட்டில் நான்கு போல்ட் போட்டுப் பிடித்திருந்தால் பார் முறுக்குவதற்கு முன் தகடே வளையும். ஒருவர் வண்டியின் பின்பக்கத்தை இடதும் வலதுமாக ஆட்ட, பிராக்கெட்டுக்கு அருகில் போனை வைத்து வீடியோ எடுங்கள். தகடு மூச்சுவிடுவது தெளிவாகத் தெரியும். சேஸிஸ் உறுப்பில் நேராகப் பிடிப்பதே சரி. அது முடியாத இடத்தில் 3 மில்லிமீட்டர் தகட்டை உள்ளும் வெளியுமாக வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்குங்கள்.

மெத்தென்ற ரப்பர் புஷ் இருந்தாலும் இதே கதைதான். பாலியூரித்தேன், டெல்ரின், வெண்கலம் இவற்றில் ஒன்று வேண்டும். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைப் பக்கத்து லேத்தில் கடைந்து வாங்கலாம். பார் கையால் சுற்றும் அளவுக்கு இடைவெளி கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாகத்தான் பாரின் தடிமன். முறுக்கை எதிர்க்கும் கெட்டித்தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். 20 மில்லிமீட்டர் கம்பியை 25 ஆக்கினால் 2.4 மடங்கு கெட்டி. ஆர்மின் நீளத்தைக் குறைத்தாலும் கெட்டியாகும்.

ஆட்டினால் ‘கடக்’ என்று சத்தம்

இறக்குமதி கிட்டில் ராட் எண்ட்டின் துளை அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். கூட வந்த போல்ட் தொலைந்தாலோ நீளம் பற்றாமல் போனாலோ, கடையில் கிடைக்கும் எம்12 போல்ட்டைப் போட்டுவிடுவார்கள். உள்ளே போகும், நட்டும் இறுகும், வெளியே பார்த்தால் குறை தெரியாது. ஆனால் 0.7 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ளே இருக்கும். மேலே சொன்ன கணக்கில் ஒரு முகம் திருகுவதே 0.42 மில்லிமீட்டர்தான். லிங்க்கின் இரண்டு முனையிலும் இப்படிப் போட்டால் ஆட்டம் 1.4 மில்லிமீட்டர், நீங்கள் கொடுத்த மூன்று முகத் திருகலை அது விழுங்கிவிடும். சத்தத்தைவிட இதுதான் பெரிய கேடு. ஒரு ஓட்டம் நேராகப் போகும், அடுத்தது வளைந்து போகும், ஏனென்றே பிடிபடாது.

அரை இஞ்ச் போல்ட்டையே வாங்குங்கள். மரையில்லாத உடல்பகுதி ராட் எண்ட்டின் துளையிலும் பிராக்கெட்டின் இரண்டு காதுகளிலும் முழுவதும் உட்கார வேண்டும். மரைப்பகுதி துளைக்குள் வந்தால் அது ரம்பம் போல அறுத்துத் துளையைப் பெரிதாக்கும்.

பெரிய கிட்டில் எதிர்ப்பிரச்சினை. ஐந்தெட்டு இஞ்ச் என்பது 15.875 மில்லிமீட்டர், எம்16 போல்ட் அதில் போகாது. துளையைத் துளைத்துப் பெரிதாக்கவோ போல்ட்டை அரத்தால் ராவவோ கூடாது.

சரியான போல்ட் போட்டும் சத்தம் வந்தால், வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் பாடியை ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு ராட் எண்ட்டின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். உருண்டையும் கூடும் தனித்தனியாக அசைந்தால் ராட் எண்ட் தேய்ந்துவிட்டது. வண்டியைத் தூக்கி வைத்துத் தேடினால் இது கிடைக்காது. பாரைப் பிடிக்கும் மெட்ரிக் போல்ட்டுகள் 8.8 தரம் என்றால் எம்10க்கு 48, எம்12க்கு 84 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கிட்டின் தாளில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

லாக் நட் திரும்பத் திரும்பத் தளர்கிறது

இரண்டு முனை ராட் எண்ட்டும் ஒரே தளத்தில் நிற்காமல் கோணலாக இறுக்கியிருப்பீர்கள். லிங்க் அசையும்போது ஒன்று முட்டும், நட் தளரும். இரண்டையும் நடு நிலையில் வைத்து, ராட் எண்ட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இடது திரெட் நட் எது என்று பெயிண்டால் அடையாளம் வையுங்கள். திரெட் குழாய்க்குள் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது, அரை இஞ்சுக்கு 19 மில்லிமீட்டர், உள்ளே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீளமான குழாய் வேண்டும்.

பின்பக்கம் கட்டிப்போட்டது மாதிரி அசைய மறுக்கிறது

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது பார் எதிர்க்கக் கூடாது, சும்மா சுற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரைக் கழற்றி, பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹவுசிங்கை ஜாக்கியால் முழுதும் இறக்கி முழுதும் ஏற்றிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும். வண்டி நிற்கும் உயரத்தில் ஆர்மும் லிங்க்கும் 90 பாகையில் சந்திக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டால் ஆர்ம் எதிர்ப்பக்கம் புரண்டு பூட்டிக்கொள்ளும், அடுத்த முறை இறங்கும்போது பிராக்கெட்டைப் பிய்த்துவிடும். டேங்க், பிரேக் ஹோஸ், சைலன்சர் எதில் இருந்தும் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விலகி இருக்கட்டும்.

பிராக்கெட் வெல்டிங் செய்த பிறகு ஆயில் ஒழுகுகிறது, பேரிங் சுடுகிறது

ஹவுசிங் குழாய் வளைந்துவிட்டது. வெல்டிங் ஆறும்போது அந்தப் பக்கமாகக் குழாயை இழுக்கும். பின் டயர்களின் முன் விளிம்புகளுக்கு நடுவிலும் பின் விளிம்புகளுக்கு நடுவிலும் உள்ள தூரத்தை, வெல்டிங்குக்கு முன் அளந்து வைத்திருந்தால் இப்போது ஒப்பிடலாம். மாறியிருந்தால் ஹவுசிங்கை நிமிர்த்தத் தெரிந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னும் வெல்டிங் செய்யாதவர்கள் முதலில் பொட்டு வைத்து, பிராக்கெட்டுகளின் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரே இடத்தில் 25 மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டாமல், இடது, வலது என்று மாறி மாறி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். நடுவில் உள்ள வார்ப்பு இரும்புப் பகுதியில் சாதாரண ராடால் ஒட்ட வேண்டாம், ஆறியதும் விரிசல் விடும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய்ப் பேரிங்கைப் புள்ளி புள்ளியாக எரிக்கும். பேட்டரி இணைப்பையும் இசியூ (இன்ஜின் கணினி) சாக்கெட்டையும் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை வண்டியில் வைத்துக்கொண்டு பின்னால் வெல்டிங் செய்யவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்து.

ராட் எண்ட் இறுகிப்போகிறது

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று சில மாதத்தில் ராட் எண்ட்டைப் பிடித்துவிடும். இறுகிய ராட் எண்ட் ஆட்டம் காட்டாது, அதனால் நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றும். லிங்க்கைக் கழற்றிக் கையால் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே டெஃப்லான் துணி வைத்த வகைக்கு கிரீஸ் வைக்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்து அறுக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ரப்பர் உறை போட்டால் போதும். இரும்போடு இரும்பு உரசும் வகைக்கு எண்ணெய் விடுங்கள். வெல்டிங் விளிம்புகளில் ஜிங்க் பிரைமர் அடித்து அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள்.

ரோட்டில் வளைவில் பின்பக்கம் வீசுகிறது

டிராக் பாரின் குணமே அது. பின்பக்கம் சரியாமல் பிடித்துக்கொண்டால், வளைவில் உள்பக்க டயரின் எடை குறைந்து பின்பக்கம் முதலில் வழுக்கும். ஜூனில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டம் இது. குலசேகரம், பேச்சிப்பாறை ரோட்டின் ஈர வளைவுகளில் பாரோடு போக வேண்டாம். ஒரு லிங்க்கைக் கழற்றி, ஆர்ம் எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டால் பார் வேலை செய்யாது. மறுபடி மாட்டும்போது, நீளம் மாற்றும் நடுக்குழாயைத் தொடாமல் போல்ட்டை மட்டும் போட்டால் பழைய செட்டிங் அப்படியே இருக்கும்.

கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே போன்ற மூடிய பந்தயத் தளத்துக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. லிங்க் செட்டிங் சரிபார்க்க நான்குவழிச் சாலையில் ஒரு ஓட்டம் என்ற பேச்சே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 189இன்படி அரசின் அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் வேகப் பந்தயமும் வேகச் சோதனையும் குற்றம். பந்தயத் தளத்தில் இறங்கியதும் அந்தத் தரை மட்டத்தில் ஜீரோவை ஒரு முறை சரிபார்த்து, முதல் ஓட்டத்தை 20 மீட்டரோடு நிறுத்தி, தாரில் விழுந்த இரண்டு கறுப்புத் தடங்களின் நீளத்தையும் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் லிங்க்கைத் தொடாமல் முழு ஓட்டத்துக்குப் போகலாம்.